தீர்மானப் புத்தகத்தில் கடலும் காவல் நிலையமும்



யாருடைய பெயரால் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ அந்த அண்ணன் பஞ்சாலையில் சைடராக வேலை பார்த்தவர். கவிதை எழுதியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்து வருடம் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவர் எழுதவே இல்லை. கேட்டால், "அதெல்லாம் மினிட் புத்தகத்துல இருக்கு, போய்ப் படிச்சுக்க" என்பார். அந்தப் புத்தகத்தில் அவர் பேசியது ஒரு வரிகூடக் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் என்னிடம் ஒருமுறை சொன்ன நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். ஊர் எது என்பது வேண்டாம், ராஜபாளையத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். ஒரு கோடையில் கண்மாயில் மீன் செத்து மிதந்தது. வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையெல்லாம். காலனிப் பிள்ளைகள் அள்ளப் போனார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களோடு வாய்த்தகராறு. மாலையில் நான்கு பையன்களைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போய் இரவு முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் அண்ணன் இரண்டு விஷயம் எழுப்பினார். மீன் ஏன் செத்தது என்று தண்ணீரை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பையன்களை ஏன் பிடித்தார்கள் என்று காவல்துறையிடம் கேட்டு எழுத வேண்டும். எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கண்மாய் பொதுப்பணித்துறை, ஸ்டேஷன் போலீஸ் டிபார்ட்மெண்ட். ரெண்டுமே நம்ம பொருள் இல்ல மெம்பர். தெருவிளக்கு, தண்ணித்தொட்டி இருந்தாச் சொல்லுங்க." அண்ணன் கேட்டாராம்: "சரி, எங்க பிள்ளைக எந்தப் பொருள்ல வருது?"

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. சட்டத்தில் பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். செத்து மிதக்கும் மீனும் காவல் நிலையத்தின் நடத்தையும் ஓர் உள்ளாட்சி மன்றத்தில் பேசத் தகுந்தவையா, பேசினால் என்ன ஆகும், பேச மன்றமே இல்லாதபோது என்ன ஆனது என்பதுதான் இன்றைய உரை.

முதலில் எழுத்தர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். மீன்வளமும் மாநிலப் பட்டியல்தான். கரைக்கடலுக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியல். 73, 74-ஆவது திருத்தங்களுக்குப் பிறகு ஊராட்சிகளுக்குப் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களும் நகராட்சிகளுக்குப் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களும் கிடைத்தன. ஊராட்சி அட்டவணையில் மீன்வளம் இருக்கிறது. நகராட்சி அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இருக்கிறது. காவல்துறை இரண்டிலும் இல்லை. அட்டவணையில் இருப்பதெல்லாம் கையில் வந்துவிட்டது என்றும் பொருளில்லை. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநில அரசு முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு கட்சி ஆட்சிகளும் இந்த விஷயத்தில் கைகொஞ்சம் இறுக்கம்தான்.

ஆகவே ஒரு நகர்மன்றமோ கிராம சபையோ 'இந்த ஆலையை மூடு', 'இந்த ஆய்வாளரை மாற்று' என்று தீர்மானம் போட்டால் அது உத்தரவு ஆகாது. கோரிக்கைதான். அதையும் அரசு ரத்து செய்யலாம். ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளருக்கு உண்டு. அந்த ஆய்வாளர் வேறு யாருமில்லை, மாவட்ட ஆட்சியர். இந்த நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கோரிக்கைதானே, காகிதம்தானே என்று நம் ஆட்களே சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு மகாத் நினைவுக்கு வரும். 1923-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளம், கிணறு, பள்ளி எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்பது அது. 1924-இல் மகாத் நகராட்சி அதை ஏற்றுச் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று வருடம் ஒருவரும் அந்தக் குளத்தில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நாம் அந்த நடையைத்தான் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் நடந்தது ஒரு நகராட்சித் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு. சாதி இந்துக்களுக்கு அந்தக் காகிதத்தின் கனம் புரிந்திருந்தது. அதனால்தான் குளத்துக்குத் தீட்டுக் கழித்ததோடு நிற்காமல், அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சியைக் கூட்டித் தீர்மானத்தையே ரத்து செய்தார்கள். காகிதம் ஒன்றுமில்லை என்றால் அதை ஏன் மெனக்கெட்டு ரத்து செய்ய வேண்டும்? வழக்கு நடந்து 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது.

நம் சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்பது 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சட்டமன்றம் வழி வந்தது. பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் பொது என்று 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். புத்தகத்தில் ஒரு வரி ஏறுவதற்காக நம் முன்னோர் பட்டபாடு சாதாரணமானதில்லை.

இப்போது கடலுக்குப் போவோம். ராஜபாளையத்துக்காரனுக்குக் கடலோடு என்ன என்று கேட்பீர்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேரும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு மலையில் பெய்து நம் ஓடைகளிலும் கண்மாய்களிலும் நிறைந்து மிஞ்சுவது எல்லாம் அந்த வைப்பாற்றில் இறங்கி, சாத்தூர், விளாத்திகுளம் வழியாக மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நாம் ஊரில் விடும் சாக்கடையும் அதே வழியில்தான் போகிறது. திரும்பி வருவது நெத்திலியும் சாளைக் கருவாடும். கறி எடுக்க முடியாத வீடுகளில் குழம்பு மணக்க வைத்தது அந்தக் கருவாடு. கடல் நம்மிடமிருந்து தூரம், ஆனால் அந்நியமில்லை.

அந்தக் கடலில் உயிர்கள் கூட்டமாகச் சாவதை நம் காலத்திலேயே பலமுறை பார்த்துவிட்டோம். 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலைக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள். விட்டவை சில திரும்பி வந்து மணலில் செத்தன. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே அதைப் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. தன் உடம்புக்குள்ளேயே பச்சைப் பாசியை வளர்த்துக்கொள்வதால் கடலே பச்சையாகத் தெரியும். அது பெருகும்போது தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. செத்து அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. கண்மாயில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சாக்கடையும் உரமும் கலந்த தண்ணீரில் பாசி கொழுக்கும். பகலில் அது ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கண்மாய் மீன் விடியற்காலையில் சாகிறது. அண்ணன் தண்ணீரை எடுத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். செத்த மீனுக்கு இயற்கை காரணமா, மனிதர் காரணமா என்பது உடனே, பொதுவில், நம்பத்தக்க ஒருவர் தண்ணீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் தடயம் ஓடிவிடும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கரையில் 2021 அக்டோபரில் நண்டுகளும் கல் இறால்களும் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கின. அரசு பாசிப் பெருக்கம்தான் காரணம் என்று 2022 பிப்ரவரியில் சொன்னது. மீனவர்கள் நம்பவில்லை. தாங்களே பணம் போட்டு ஆய்வு செய்து, பிரிடின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள்மீது சந்தேகம் எழுப்பினார்கள். 2023 ஜனவரியில் தனி நிபுணர் குழு பாசியையும் ஏற்கவில்லை, பிரிடினையும் ஏற்கவில்லை. இதுவரை அறியாத ஏதோ ஒரு நோய்க்கிருமியாக இருக்கலாம் என்றது. இன்றும் அங்கே சர்ச்சை முடியவில்லை. மீனவர்கள் சொன்னது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இவ்வளவு சண்டையும் உள்ளூர் மன்றங்கள் தொடங்கி நாடாளுமன்றக் குழுவரை மேசைக்கு மேசை நடந்தது, யாரும் சுடப்படவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த நாட்டில் 2012 முதல் காவல்துறையை மேற்பார்க்கும் ஆணையரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆணையரைக் கேள்வி கேட்கும் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர் மன்ற உறுப்பினர்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. கறுப்பின மக்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனால் செத்த நண்டைப் பற்றியும் காவல்துறையைப் பற்றியும் ஒரே வார்டு உறுப்பினர் பேச முடிகிறது, 'உங்கள் பொருள் இல்லை' என்று யாரும் பேனாவை மூடுவதில்லை.

நமக்கு வருவோம். தூத்துக்குடி.

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு 1994-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருந்தது அந்தத் தூரத்துக்குள். 1996-இல் மீனவர்கள் படகுகளில் போய்த் தாதுக் கப்பலை மறித்தார்கள். 1997-இல் பக்கத்து நிறுவனத்தில் வேலை செய்த பெண்கள் வாயுவில் மயங்கி விழுந்தார்கள். 2010-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, 2013 ஏப்ரலில் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி ஆலையை நடத்த விட்டது. இந்த வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் பார்க்கச் சொல்வது எழுதப்படாத ஒரு பக்கத்தை.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அந்த அறிவிப்பை ரத்து செய்தது. வழக்கின் காரணம் நியாயமானது. பிழையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அக்டோபர் 24-உடன் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது, அதுவும் ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று.

இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 12 அன்று அ. குமரரெட்டியாபுரம் மக்கள் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அப்போது அந்த ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. தூத்துக்குடி மாநகராட்சிக்கு மேயர் கிடையாது, கவுன்சிலர் ஒருவர்கூடக் கிடையாது. நூறு நாள் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் தெருவில் வாக்குக் கேட்டு வந்த ஒருவர் எழுந்து நின்று, 'இது இந்த மன்றத்தின் கருத்து' என்று சொல்வதற்கு ஓர் அறை அந்த மாவட்டத்தில் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள். மே 22 அன்று நூறாவது நாளில் மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? எல்லா மன்றங்களின் அதிகாரமும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதானே. காவல்துறை சுட்டதில் அன்றும் மறுநாளுமாக 13 பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பெண்ணும் அவர்களில் ஒருவர்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்தார்கள். தூண்டுதல் இல்லாமலே சுட்டார்கள் என்றது. 17 காவலர்கள், அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அன்றைய ஆட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தையைத் தான் நடத்தாமல் சார் ஆட்சியரிடம் விட்டதையும், சம்பவ நாளில் கோவில்பட்டியில் இருந்ததையும் குறையாகச் சொன்னது.

நான் நினைவில் வைக்கச் சொன்ன நாற்காலிக்கு இப்போது வருகிறேன். மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று பார்த்தோம். அவரே மாவட்டத்தின் நிர்வாக நடுவர், சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பானவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. நான்காவதும் உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் இட்டது. அதில் ஒன்று, காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஓர் ஆணையம், அதன் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதில் மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைவர் நீதிபதி இல்லை, ஆட்சியர். உறுப்பினராக மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே இருக்கிறார். மாநில அளவில் உள்துறைச் செயலர் தலைவர். சமூகவியலில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் உண்டு. ஊரில் சொல்வது சுருக்கம்: மாமியார் உடைத்தால் மண்சட்டி. காவலர் அடித்தார் என்று புகார் கொடுக்கும் இடத்தில் எஸ்.பி. உட்கார்ந்திருப்பார். நம் பையனை இரவு முழுக்க உட்கார வைத்ததைக் கேட்டுத் தீர்மானம் போட்டால் அதை நிறுத்தும் அதிகாரமும், அந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரமும், அந்தக் காவலர்களுக்கு மேலே நிற்கும் பொறுப்பும் ஒரே நாற்காலியில். நல்ல ஆட்சியர் வந்தால் நல்லது நடக்கும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருடம் நடக்காத தேர்தலை 2006-இல் ஓர் ஆட்சியர் நடத்திக் காட்டினார். நல்லவர் வருவாரா என்று காத்திருப்பதற்குப் பெயர் உரிமை இல்லை.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையம் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23 விடியலில் தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. கேமரா பதிவு நாள்தோறும் அழியும்படி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சாத்தான்குளம் ஒரு பேரூராட்சி. 2020-இல் அதற்கும் மன்றம் இல்லை. ஒரு பேரூராட்சிக் கவுன்சிலர் இருந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது செத்தவர்களை வைத்து வாதம் பண்ணுவது. ஆனால் நம் ஊர்களில் இரவு எட்டு மணிக்கு ஒருவனை நிலையத்துக்குக் கூட்டிப் போனால் வீட்டுப் பெண்கள் முதலில் ஓடுவது யாரிடம்? வக்கீலிடமா? மெம்பரிடம்தான். அவர் துண்டைப் போட்டுக்கொண்டு நிலைய வாசலில் போய் நிற்பார். உள்ளே விடமாட்டார்கள், ஆனாலும் நிற்பார். வெளியே ஒருவர் நிற்கிறார் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஐந்து வருடத்துக்கும் மேலாக இந்த மாநிலத்தின் எந்த நகரத்துக் காவல் நிலைய வாசலிலும் அப்படி நிற்கும் பதவி உள்ள ஆள் இல்லை. ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே பேசிவிட வேண்டும். சாத்தான்குளத்துக்கு நாடு முழுக்கக் குரல் எழுந்தது, எழ வேண்டியதுதான். 1995-இல் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்து வீடுகளை நொறுக்கியபோதும், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர் போனபோதும், 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் சுட்டபோதும் அந்தக் குரல் எழவில்லை. விசாரணை ஆணையங்கள் வந்தன, போயின. ஆணையம் வேண்டும் என்று கேட்டே பழகிவிட்டோம். சம்பவத்துக்கு முன்னால் நிற்கும் அமைப்பைக் கேட்க மறந்துவிட்டோம்.

அப்படியானால் உள்ளாட்சி மன்றம் நமக்குப் பாதுகாப்பான இடமா? பாபாசாகேப் அரசமைப்பு அவையில் கிராமத்தை வைத்த விமர்சனம் நமக்குத் தெரியும். கிராமத்தைப் புகழ்ந்தவர்களிடம் அவர் தயவு காட்டவில்லை. 1996-இல் மேலவளவு தனி ஊராட்சியானது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் பேருந்தில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். நாற்காலியில் ஒரு பறையர் உட்காரக் கூடாது என்பது மட்டுமா காரணம்? கண்மாய் மீன்பாசி ஏலம் முதலான பொதுச் சொத்துகள் அந்த நாற்காலிக்குக் கீழே வருகின்றன. மீன் யாருடையது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. ஆக மன்றம் சாதிக்கு வெளியே இல்லை. தலைவரைத் தரையில் உட்கார வைக்கிற, கொடியேற்ற விடாத மன்றங்கள் இன்றும் இருக்கின்றன. இருந்தும் நான் மன்றத்தைக் கேட்கிறேன். கொலை செய்யும் அளவுக்கு அவர்கள் மதிக்கும் ஓர் இடத்தை நாம் காகிதம் என்று விட்டுவிட்டு வரக் கூடாது.

தீர்மானம் வென்ற இடங்களும் உண்டு. பாலக்காட்டுப் பிளாச்சிமடாவில் கொக்கக்கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, 2003-இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்கு முன் வாசலில் உட்கார்ந்து போராட்டம் நடத்தியவர்கள் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை ஊராட்சி பக்கம், இன்னொருமுறை நிறுவனம் பக்கம் என்று தீர்ப்பு மாறியது. ஆலை 2004 மார்ச்சில் நின்றது நின்றதுதான். ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே முடிவைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. டோங்கிரியா கோண்டு மக்கள் மறுத்த அந்தச் சுரங்கம் வேதாந்தா குழுமத்துக்கானது. ஸ்டெர்லைட்டும் அதே குழுமம். ஒரே முதலாளி. அங்கே வன உரிமைச் சட்டம் இருந்ததால் கிராம சபையின் சொல்லுக்குச் சட்டபலம் கிடைத்தது. இங்கே கிராம சபைக்கு அந்தப் பலமும் இல்லை, மன்றமும் இல்லை. தூத்துக்குடி ஆலை மூடப்பட்டது 13 பேர் செத்த பிறகு, 2018 மே 28 அரசாணையால். அந்த ஆணையை 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது.

இப்போதைய நிலைமை. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. விருதுநகர் மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் அதில் அடக்கம். மீண்டும் தனி அலுவலர்கள். ராஜபாளையம் நகராட்சியில் கவுன்சிலர் இருக்கிறார். நகராட்சி எல்லைக் கல்லைத் தாண்டினால் மெம்பர் இல்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

ஆனால் கிராம சபை இருக்கிறது. மன்றம் கலைந்தாலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட வேண்டும். நூறு நாள் வேலைக் கணக்கை வாசித்து முடித்ததும் கையெழுத்து வாங்கி எழுந்து போகப் பார்ப்பார்கள். அப்போது உட்கார்ந்திருக்க வேண்டும். 'இது நம்ம பொருள் இல்லை' என்று சொன்னால், அண்ணன் கேட்ட கேள்விக்கான பதிலைச் சொல்லுங்கள். பதினோராவது அட்டவணை, இனம் 27: நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினரின் நலன். நம் பிள்ளைகள் வருவது அந்தப் பொருளில். காவல் நிலையத்தில் இரவு முழுக்க உட்கார வைக்கப்பட்ட பட்டியல் சாதிச் சிறுவனின் நலன் அதற்குள் அடங்காது என்று எந்த அலுவலரும் எழுதிக் கொடுக்கமாட்டார். மீனுக்கு இனம் 5 இருக்கிறது. நகராட்சிக்காரர்களுக்குப் பன்னிரண்டாவது அட்டவணையில் இனம் 8-உம் 9-உம்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்:

"நீர்நிலைகளில் மீன்கள் செத்து மிதந்தால் ஒரு நாளுக்குள் கிராம சபை உறுப்பினர்கள் முன்னிலையில் தண்ணீர் மாதிரி எடுத்து, ஆய்வு முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். மாவட்டக் காவல் புகார் ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியை நியமிக்கவும், அதில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு, அவர்களில் பட்டியல் சாதியினருக்கு, இடம் அளிக்கவும் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஊராட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும். இம்மூன்றையும் அரசைக் கேட்டுக்கொள்ள இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

எழுதிக்கொள்ள மறுத்தால் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தக நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் கொடுத்தாக வேண்டும். வந்த நகலை அமைப்பின் முகவரிக்கு அனுப்புங்கள். அண்ணன் மெம்பராக இருந்த ஐந்து வருடத்துப் புத்தகத்துக்கும் நான் மனுப் போட்டிருக்கிறேன்.